கர்த்தர் எழுதாத சீட்டு

என் ராசாவுக்கு,

செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணிவிட்டு வைத்த பிறகு குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றே எனக்குத் தெரியவில்லை. பருப்பு கூழாகிப் போனது. அதைத்தான் இரண்டு நாள் ரசத்தில் கரைத்துக் குடித்தேன். நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "அம்மா, அந்த ஒடிசா பள்ளிக்கூடத்துல மறுபடி கேக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள வாரேனா இல்லையான்னு சொல்லணும். நீ அன்னைக்கு மாதிரியே ஜெபம் பண்ணி, மூணு சீட்டு எழுதிப் போட்டு எடுத்துச் சொல்லும்மா. நீ எடுத்தா சரியா இருக்கும்." சரி ராசா, வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து எடுக்கிறேன் என்று சொன்னேன். சொன்ன வாய் கசந்துவிட்டது. நான் சீட்டு எடுக்கப் போவதில்லை. ஏன் என்று இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன்.

போனில் சொல்லலாம்தான். சொல்ல ஆரம்பித்ததுமே நான் அழுவேன், நீ உடனே "சரி விடும்மா, விடும்மா" என்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? நான் பேசி முடிக்கும் முன்னே மன்னித்துவிடுவாய். அப்படி ஒரு மன்னிப்பு எனக்கு வேண்டாம். முழுசாக வாசி. நடுவில் போன் பண்ணாதே. பண்ணினாலும் எடுக்க மாட்டேன், சொல்லிவிட்டேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். ஆண்டவருடைய சித்தம் என்ன என்று கேட்காமல் நான் ஒரு சேலைகூட எடுத்ததில்லை. ஊரே சிரிக்கும், நான் கவலைப்பட மாட்டேன். நீ யூகேஜி படிக்கும்போது நாகமலைப் புதுக்கோட்டையில் இந்த மனை விலைக்கு வந்தது. கோரிப்பாளையத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வாங்கலாமா வேண்டாமா என்று எனக்கு ஒரு அடையாளம் வேண்டியிருந்தது. சாயங்காலம் உன் அப்பாவின் துண்டை மொட்டை மாடியில் விரித்துப் போட்டேன். காலையில் துண்டு நனைந்திருந்தால் வாங்குவது, காய்ந்திருந்தால் விட்டுவிடுவது. விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தால் துண்டு சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அல்லேலூயா என்று கத்திக்கொண்டே படியிறங்கி வந்தேன். உன் அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டு மேலே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "அடியே, துண்டு மட்டுமா நனைஞ்சிருக்கு? மாடியே நனைஞ்சு கெடக்கு. ஓனரம்மா மோட்டாரப் போட்டுட்டு மறந்துருச்சு, தொட்டி ரொம்பி வழியுது. கர்த்தர் பாவம், அவரு மேல ஏன் பழியப் போடுற?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்கு இட்லிக்குச் சட்னி இல்லை.

கோபம் தணிந்த பிறகு கேட்டேன், அப்போ எப்படித்தான் தெரிந்துகொள்வது என்று. அவர் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறி இறங்கிப் பழகியவர். பேச்சும் அப்படித்தான், நேரே ஏறி நேரே இறங்கும். "நாகமல தெரியுது, காத்து வருது, பஸ் நிக்குது. உனக்குப் பிடிச்சிருக்கு, எனக்கும் பிடிச்சிருக்கு. ஆசையக் குடுத்ததே அவருதானடி? பசியக் குடுத்துட்டு, சோத்தத் திங்காதன்னு சொல்றவரா உங்க ஆண்டவரு?" எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் என்னை அப்படி வளர்க்கவில்லை. பிடித்தது என்றாலே அது மாம்சத்தின் இச்சை, பிடிக்காதது என்றால் அது ஆண்டவருடைய சித்தம். எனக்குக் கணக்கு வாத்தியாராக ஆசை இருந்தது. ஆசை இருந்ததனாலேயே அதை விட்டுவிட்டுத் தையல் படித்தேன். அதுதான் ஒப்புக்கொடுத்தல் என்று நினைத்தேன். விரும்ப வைப்பதும் அவர், செய்ய வைப்பதும் அவர் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டு ஆமென் சொல்லியிருக்கிறேன். அதில் செய்ய வைப்பதை மட்டும்தான் நான் நம்பினேன். விரும்ப வைப்பார் என்பதை நம்பவே இல்லை.

உன் ஆசை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். கோயிலில் மூன்றாவது வரிசையில் ஸ்டெல்லா உட்காருவாள். நம் பழைய வீட்டுக்குப் பக்கத்துத் தையல் கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைப்பவள். பிறவியிலேயே காது கேட்காது. பாட்டுப் பாடும்போது எல்லோரும் எழுந்தால் எழுவாள், உட்கார்ந்தால் உட்காருவாள், அவ்வளவுதான். உனக்குப் பதினைந்து வயது. ஒரு ஞாயிறு நீ என் பக்கத்தில் உட்காராமல் அவள் முன்னால் போய்த் திரும்பி உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தாய். கோயிலில் என்ன விளையாட்டு என்று வெளியே வந்ததும் உன் காதைத் திருகினேன். "விளையாடலம்மா. ஆயர் என்ன சொல்றாருன்னு அக்காவுக்குச் சொன்னேன். அரைவாசி தப்பாத்தான் சொன்னேன்" என்றாய். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் அந்தத் தையல் கடைதான். ஒரு வருஷத்தில் அவள் கைப்பேச்சு முழுக்க உனக்கு வந்துவிட்டது. முதல் தடவையாக ஆயர் சொன்ன ஒரு நகைச்சுவைக்கு ஸ்டெல்லா மற்றவர்களோடு சேர்ந்து சிரித்ததை நான் பார்த்தேன். ஆண்டவரே, இவனை நீர் எடுத்து உபயோகியும் என்று அன்றைக்கு நான்தான் ஜெபித்தேன். என் வாயாலேயே, கண்ணீரோடு.

அந்த ஜெபத்துக்குப் பதில் வந்தபோது உனக்கு இருபத்தைந்து வயது. உன் அப்பா போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. காது கேளாத பிள்ளைகளுக்கு ஒடிசா மலைப் பக்கத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள், வாத்தியார் இல்லை, போகவா அம்மா என்று கேட்டாய். உன் முகம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. சின்ன வயதில் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் வருமே, அந்த முகம். எனக்கோ, இவ்வளவு பெரிய வீட்டில் காலையில் எழுந்து யாருக்கு ஒரு தம்ளர் காபி போடுவேன் என்றுதான் முதலில் தோன்றியது. அதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். "எனக்குப் பயமா இருக்குடா, போகாதே" என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. ஊழியத்துக்குப் போகிற பிள்ளையைத் தடுத்த தாய் என்று ஆகிவிடுமே. அதனால் ஆண்டவரிடம் கேட்போம், சீட்டு எடுப்போம் என்றேன்.

இப்போது சொல்கிறேன், கேள். மூன்று சீட்டு எழுதினேன். ஒன்றில் 'போ', ஒன்றில் 'போகாதே', ஒன்றில் 'காத்திரு' என்று எழுதுவதாக உன்னிடம் சொன்னேன். மூன்றிலும் 'போகாதே' என்றுதான் எழுதினேன்.

நீ குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டு வந்து முழங்கால் போட்டாய். நான் வேதப்புத்தகத்தின் மேல் மூன்று சீட்டையும் வைத்து, "உம்முடைய சித்தத்தை மட்டும் காட்டும் ஆண்டவரே" என்று உரக்க ஜெபம் பண்ணினேன். குரல்கூட நடுங்கவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாய். "சரிம்மா. அவரு சொல்லிட்டாரு" என்றாய். மற்ற இரண்டில் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்திருக்கலாமே ராசா, ஏன் பார்க்கவில்லை? அம்மா மேல் அம்புட்டு நம்பிக்கை. அன்றைக்கு மத்தியானம் உனக்குப் பிடிக்குமே என்று அயிரை மீன் குழம்பு வைத்தேன். நீ இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினாய். நான் தட்டு நிறையச் சாப்பிட்டேன். இதையும் எழுதாவிட்டால் முழுசாகச் சொன்னதாக ஆகாது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் சாட்சி சொல்ல எழுந்தேன். ஆண்டவர் சீட்டின் மூலமாக என் மகனிடம் தெளிவாகப் பேசினார், அவன் கீழ்ப்படிந்தான் என்று சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். திரும்பிப் பார்த்தால் நீ வழக்கம்போல் ஸ்டெல்லாவின் முன்னால் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் கையால் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் சொன்ன பொய்யை, உன்னையே கட்டிப்போட்ட பொய்யை, உன் கையாலேயே சொல்ல வைத்தேன். இத்தனை வருஷத்தில் வேறு எதை மறந்தாலும் உன் அந்த இரண்டு கைகளை என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம் நீ வங்கித் தேர்வு எழுதினாய், கோயம்புத்தூர் போனாய். ஏழு வருஷம் ஓடிவிட்டது. பார், ஒடிசாவுக்குப் போகாதே என்றேன், கோயம்புத்தூருக்குப் போய்விட்டாய். காபியை நான் தனியாகத்தான் குடிக்கிறேன். நீ நல்லாத்தான் இருக்கிறாய் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். ஞாயிறு மத்தியானம் என்னடா பண்ணினாய் என்று கேட்டால், "ஆஸ்பத்திரிக்குப் போனேம்மா, காது கேக்காத ஒருத்தருக்கு டாக்டர் சொன்னதச் சொல்ல ஆளில்ல" என்பாய். ஒரு வாரம் இல்லை, எல்லா வாரமும். நம் வீட்டுக் காம்பவுண்டு ஓரத்து முருங்கையை ஒவ்வொரு வருஷமும் மொட்டையாக வெட்டுகிறோம், அது பாட்டுக்குத் துளிர்க்கிறது. உன் ஆசையும் அப்படித்தான் துளிர்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு அது தெரியும். தெரியாத மாதிரி சாம்பார் பொடி பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ரவிக்கை பிரிக்கக் கோரிப்பாளையம் தையல் கடைக்குப் போனேன். ஸ்டெல்லாவுக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஒரு துண்டுத் துணியை எடுத்து, தையல் சுண்ணாம்புக் கட்டியால் "மகன் ஒடிசா போய்விட்டானா?" என்று எழுதிக் காட்டினாள். ஏழு வருஷமாகப் பார்க்கும்போதெல்லாம் இதையேதான் கேட்கிறாள். எனக்கு எரிச்சல். சுண்ணாம்பை வாங்கி, "கர்த்தர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே" என்று எழுதினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை, சின்னப் பிள்ளை கேட்பது போலத்தான், அதற்குக் கீழே எழுதினாள். "யாரிடம் சொன்னார்?"

பதில் எழுத இடம் இருந்தது ராசா, அந்தத் துணியில். நான் ரவிக்கையைக்கூட வாங்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து உன் போன். சொன்னேனே, பருப்பு கூழானது என்று. உண்மையில் என்ன நடந்தது தெரியுமா? போனை வைத்ததும் காலண்டர் தாளைக் கிழித்து மூன்று துண்டாக்கினேன். இந்தத் தடவை நேர்மையாகச் செய்துவிடலாம், பழைய பாவம் கழுவிப் போகும் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் துண்டில் 'போ' என்று எழுதினேன். இரண்டாவதில் 'போகாதே'. மூன்றாவதில் 'காத்திரு' என்று எழுத வேண்டும். எனக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, மாடிப்படி ஏற முடியவில்லை, போன வாரம் குளியலறையில் வழுக்கிக் கையூன்றிக்கொண்டேன். இதெல்லாம் நினைவுக்கு வந்தது. பார்த்தால் மூன்றாவது துண்டிலும் 'போகா' வரைக்கும் எழுதியிருக்கிறேன். சத்தியமாக நான் நினைத்து எழுதவில்லை, கை தானாக எழுதியது. அப்போதுதான் பயந்துபோனேன். மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உன் அப்பா சொன்னது சரியென்றால், ஆசை அவர் கொடுப்பதென்றால், என் ஆசையும் அவர் கொடுத்ததுதானா? பெற்ற பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது பாவமா? பாவம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உன் ஆசையை நீ எல்லோரிடமும் சொன்னாய். என்னிடம் சொன்னாய், ஆயரிடம் சொன்னாய், ஸ்டெல்லாவிடம் சொன்னாய், முழங்கால் போட்டு ஆண்டவரிடமும் சொன்னாய். வேண்டாம் என்றால் விட்டுவிடவும் தயாராக இருந்தாய், அப்படியே விட்டாய். நான் என் ஆசையை மடித்து ஒளித்து வைத்தேன். வாய் 'உம்முடைய சித்தம்' என்றது. விரல் என் சித்தத்தை மடித்தது. அவர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி நான் ஒன்றை ஆசைப்பட்டால், அதில் அவர் நடத்துகிறார் என்று எப்படிச் சொல்வேன்? எனக்குப் படித்த அறிவு இல்லை. இம்புட்டுத்தான் எனக்கு விளங்கியது. அவர் நம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதில்லை. உள்ளே இருந்து விரும்ப வைக்கிறார், அப்புறம் நாமே நம் காலால் நடக்கிறோம். நீ பதினைந்து வயதில் என் பக்கத்து இடத்தை விட்டு எழுந்து ஸ்டெல்லாவின் முன்னால் போய் உட்கார்ந்தபோது உன்னை யார் போகச் சொன்னார்கள்? அதற்கு எந்தச் சீட்டு எடுத்தோம்?

இதை வாசித்துவிட்டு, "பரவாயில்லம்மா, அதுவும் ஆண்டவரோட திட்டம்தான்" என்று சொல்லிவிடாதே. உன் நல்ல மனசுக்கு அப்படித்தான் சொல்வாய். நான் ஏமாற்றியதை அவர் திட்டம் என்று சொன்னால், மறுபடியும் ஓனரம்மா போட்ட மோட்டாருக்கு அவர்மேல் பழி போட்ட கதைதான். அந்த ஏழு வருஷத்திலிருந்து அவர் ஏதாவது நல்லதை எடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. தப்பு என்னுடையது. அது என்னிடமே இருக்கட்டும்.

எனக்கு இருக்கிற பயம் நீ என்னை வெறுத்துவிடுவாய் என்பது மட்டும் இல்லை. இனிமேல் நீ ஜெபம் பண்ண முழங்கால் போடும்போதெல்லாம் இந்தச் சீட்டு ஞாபகம் வருமே, அதுதான் இன்னும் பெரிய பயம். கோபப்படு ராசா. என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. ஒரு மாசம் பேசாமல் இரு, ஒரு வருஷம்கூட இரு, தாங்கிக்கொள்வேன். அவர்மேல் மட்டும் கோபப்படாதே. அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவே இல்லை. பேசியது முழுக்க நான்தான். வரும் ஞாயிறு கோயிலில் எழுந்து இதைச் சொல்லப் போகிறேன், அன்றைக்குப் பொய்ச் சாட்சி சொன்ன அதே இடத்தில் நின்று. ஸ்டெல்லாவுக்குத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கும் உன் கைகளை இழுக்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தோடு பழைய சீட்டுகள் மூன்றையும் வைத்திருக்கிறேன். இத்தனை வருஷமும் வேதப்புத்தகத்தின் பின் அட்டைக்குள் இருந்தன. கிழித்துப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்று நீ பிரித்தது. மற்ற இரண்டும் அன்றைக்கு நான் மடித்தபடியே இருக்கின்றன. நீயே பிரித்துப் பார்த்துக்கொள்.

நாலாவதாக ஒரு சீட்டு இருக்கும். இன்றைக்குக் காலையில் எழுதியது. அதிலும் 'போகாதே' என்றுதான் இருக்கும், திடுக்கிடாதே. அது என் ஆசை. பொய்யில்லாமல் சொன்னால் இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆசை. ஆனால் அதை மடிக்கவில்லை, கீழே 'அம்மா' என்று என் பேரையும் எழுதியிருக்கிறேன். அதனால் நீ அதற்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை ராசா. அம்மாவுக்குப் பதில் சொன்னால் போதும்.